எங்க நாத்தனார் சொல்லாத புயல்

உட்காருங்கம்மா. இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன், எடம் இருக்கு. உங்களுக்கு யாருக்குக் கண்ணு? மாமனாருக்கா? நல்லதும்மா, கூட வந்திருக்கீங்களே. எனக்கு நாத்தனார். எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, திலகவதின்னு பேரு. ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் போன வாரமே ஆச்சு, இன்னிக்குக் கட்டு அவுக்கறாங்க. அவ உள்ள உக்காந்திருக்கா, நான் வெளியே உக்காந்திருக்கேன். எங்க ரெண்டு பேருக்கும் இதுவே பொழைப்பாப் போச்சு. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளியே உக்காந்திருக்கணும்.

களைப்பா இருக்கும்மா. ஒரு வாரமா ஆஸ்பத்திரிப் பாய்ல படுக்கை. அவ தலையை அசைக்கக் கூடாதுன்னுட்டாங்க, ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வெச்சுட்டாங்க. கஞ்சியிலேர்ந்து எல்லாம் நான்தான் ஊட்டி விட்டேன். ஊட்டறப்ப நினைச்சுக்குவேன், யாருக்கு யார் ஊட்டறதுன்னு. என் புருஷன் போனதுக்குக் காரணமே இவதான். இவளுக்கு நான் ஸ்பூன்ல கஞ்சி ஊத்தறேன்.

அப்படிப் பாக்காதீங்க. கத்தியெடுத்துக் குத்தினான்னு சொல்லலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் இருந்திருப்பார். அந்த வார்த்தையைச் சொல்லலை. அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்பவும் ஐப்பசி பொறந்தா நான் வாசப்படியில நிக்கமாட்டேன்.

அவ பட்டாளத்துல இருந்தவம்மா. ஆமா, பொம்பளைதான். ஏர்ஃபோர்ஸ். உலக யுத்தம் நடந்துச்சே, ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு மெட்ராஸே காலியாச்சே, அந்தச் சமயம். நான் கல்யாணமாகி பரங்கிப்பேட்டைக்கு வந்த புதுசு. எங்க வீட்டுக்காரர் உப்பு ஆபீசுல குமாஸ்தா. மாமனார் இல்ல. மாமியார், அவர், நான், திலகா. இவ கடலூர்ல பத்தாவது வரைக்கும் படிச்சுட்டு வீட்டுல இருந்தா. எனக்கும் அவளுக்கும் ஒரு வயசுதான் வித்தியாசம். நான் அஞ்சாவதோட நிறுத்தினவ.

ஒருநாள் பேப்பர்ல விளம்பரம் பாத்துட்டு வந்து அண்ணன்கிட்ட நிக்கறா. பட்டாளத்துல பொண்ணுங்களைச் சேக்கறாங்களாம், கணக்கு நல்லா வந்தா ஏர்ஃபோர்ஸ் பக்கம் போடுவாங்களாம். மாமியார் அடுப்பங்கரையிலேர்ந்து கரண்டியோட வந்தாங்க. "பொட்டச்சி துப்பாக்கி தூக்கவா பெத்தேன்?"ன்னு ஒரே கூச்சல். இவர்தான் சிரிச்சுக்கிட்டே, "துப்பாக்கி இல்லம்மா, கணக்குதான் போடப் போறா. போகட்டும்"னார். அவருக்குத் தங்கச்சின்னா உசுரு. அவ கேட்ட எதுக்கும் இல்லைன்னு சொன்னதில்ல. நான் ஒரு வளையல் கேட்டா யோசிப்பார்.

பயிற்சி முடிஞ்சு அவளை எங்க ஊர்ப்பக்கமே போட்டாங்க. கடலோரமா சவுக்குத் தோப்பை வெட்டி, ஒரு தற்காலிக விமான தளம் போட்டிருந்தாங்க. எங்க வீட்டுலேர்ந்து வண்டி கட்டினா அரை நாள். லீவு கிடைச்சா வருவா. காக்கிப் புடவை, காக்கி ரவிக்கை, தோள்ல பட்டை, தலையில தொப்பி. தெருவே வாசல்ல நிக்கும். அவ குளிக்கப் போனப்ப அந்தப் புடவையைத் தொட்டுப் பாத்தேன். முரட்டுத் துணிம்மா. எனக்குக் கொடுத்தாலும் கட்டமாட்டேன். தொப்பி மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு.

என்ன வேலைங்கறீங்க? பலூன் விடற வேலை. சிரிக்காதீங்க, நானும் அப்ப சிரிச்சேன். காத்தடைச்ச பெரிய பலூன், அதை மேல விடுவாங்களாம். அது எந்தப் பக்கம் போகுது, எவ்வளவு வேகமாப் போகுதுன்னு கண்ணாடி வெச்ச குழாய்ல பாத்துக்கிட்டே இருக்கணுமாம், அது கண்ணுக்கு மறையற வரைக்கும். வெயில்ல வானத்தையே பாத்துக்கிட்டு! அதுல கெட்டதுதான் இந்தக் கண்ணுன்னு நான் சொல்றேன். டாக்டர் இல்லைங்கறார். அப்புறம் உள்ள போய், நாலா பக்கத்துலேர்ந்தும் தந்தியில வர்ற கணக்கையெல்லாம் படத்துல குறிப்பாங்களாம். மேகம் எங்க, காத்து எங்கன்னு. பைலட்டுங்க மேல ஏறறதுக்கு முன்னாடி அதை வந்து பாத்துட்டுத்தான் போவாங்களாம்.

ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரப் பையன், பைலட்டு, மழை மேகத்துல மாட்டி வழி தெரியாம சுத்தினானாம். இவ குறிச்ச காத்துக் கணக்கை வெச்சு ரேடியோவுல பேசிப் பேசி அவனைத் தரை இறக்கினாங்களாம். அவன் ஒரு டப்பா சாக்லேட்டைக் கொண்டாந்து இவ மேசை மேல வெச்சுட்டு, சலாம் அடிச்சுட்டுப் போனானாம். அந்த டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டாந்தா. மாமியார், "எவனோ குடுத்ததை வாங்கிட்டு வந்திருக்கியா?"ன்னு கொல்லையில வீசினாங்க. அன்னிக்கு மத்தியானம் மாமியார் தூங்கறப்ப நாங்க மூணு பேரும் கிணத்தடியில உக்காந்து, மண்ணைத் தட்டிட்டுத் தின்னோம். அவர் வாயெல்லாம் பூசிக்கிட்டு, "என் தங்கச்சி ஒரு கப்பலையே காப்பாத்தியிருக்கா"ன்னார். "கப்பல் இல்லண்ணா, ஒரே ஒரு ஆளு"ன்னா இவ. "ஒரு ஆளுன்னா சும்மாவா?"ன்னார். நான் என்ன சொன்னேன்னு ஞாபகமில்ல. எனக்கு அந்த இனிப்பு பிடிக்கலை, கசப்பா இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் கண்டிப்பும்மா அங்க. பாத்ததை, குறிச்சதை வெளியே ஒரு வார்த்தை பேசக் கூடாது. கீதையைத் தொட்டு சத்தியம் வாங்கியிருந்தாங்க. அப்ப ரேடியோவுல மழை வரும், காத்து வரும்னு சொல்றதையே நிறுத்திட்டாங்க. ஜப்பான்காரன் கேட்டுக்குவானாம். எங்க ஊர்ல புயல் வந்தா துறைமுகத்துல கூண்டு ஏத்துவாங்க. யுத்த காலத்துல ஏத்தினதா எனக்கு ஞாபகமில்ல. லீவுல வர்றப்ப நான் வேணும்னே கேப்பேன், "ஏண்டி திலகா, வடாம் போடலாமா, நாளைக்கு வெயிலடிக்குமா?"ன்னு. சிரிப்பா. "அண்ணி, வானத்தை நீங்களே பாத்துக்கோங்க"ம்பா. அவ்வளவு அழுத்தம்.

அந்த வருஷ ஐப்பசியில நான் மாசமா இருந்தேன். அஞ்சாவது மாசம். அன்னிக்குக் காலையில தூறல் போட்டுக்கிட்டிருந்துச்சு. மழைக்கு முன்னாடி உப்புக் குவியலுக்கெல்லாம் ஓலை மூடுவாங்க, அதை இவர் போய்ப் பாக்கணும். உப்பளம் முகத்துவாரத்துக்கு அந்தாண்டை. தோணியிலதான் போகணும். தோணிக்காரன் வந்து வாசல்ல நிக்கறான். இவர் சட்டையை மாட்டிக்கிட்டு வாசப்படியில நின்னு கிழக்கே பாத்துக்கிட்டிருக்கார். என்னைத் தையல்னுதான் கூப்பிடுவார். "தையல், வானத்து நெறம் சரியில்ல பாரு. நாளைக்குப் போறேனே"ங்கறார். அவர் சுபாவமே அப்படிம்மா, ரொம்பப் பயந்தவர். பல்லி கத்தினாக்கூட நின்னுட்டுப் போவார். நான் சொன்னேன், "போன தடவையே போகலைன்னு சூப்பிரண்டு வாயில விழுந்தீங்க. ஒரு தூறலுக்குப் பயந்து வீட்டுல உக்காந்தா ஊர் சிரிக்கும். தங்கச்சி பட்டாளத்துல இருக்கா, அண்ணன் பாய்ல இருக்கார்னு சொல்லமாட்டாங்களா? போங்க, போயிட்டு சாப்பாட்டுக்கு வந்துடுங்க"ன்னேன். வேற எந்தப் பொண்டாட்டியா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவா. ஆபீஸ் போற புருஷனை ஆபீஸ் போங்கன்னு சொல்றது ஒரு பேச்சா? போனார்.

மத்தியானம் காத்து ஆரம்பிச்சுது. நான் புயலைப் பாத்தவதான், ஆனா அந்த மாதிரி பாத்ததில்ல. ஓடு பறந்துச்சு. கொல்லை முருங்கை வேரோட சாஞ்சு சமையக்கட்டு மேல விழுந்துச்சு. மாமியாரும் நானும் நெல்லு வெக்கற உள்ளறைக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தோம். அவங்க "கொழுந்து, கொழுந்து"ன்னு மகன் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் பேர் சொல்லக் கூடாது, அதனால வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

தோணி முகத்துவாரத்துல கவுந்துடுச்சு. காத்து அடங்கினதுக்கு மறுநாள் அவரைக் கொண்டாந்தாங்க. அதைச் சொல்ல வேணாம், விடுங்க.

கூடத்துல போட்டிருக்கு. தெருவே நிக்குது. பஞ்சாயத்துக்காரங்க, ஏட்டு எல்லாரும் இருக்காங்க. அப்ப தோணிக்காரன் பொண்டாட்டி, அவளும் புருஷனைப் பறிகொடுத்தவதானே, அவ கத்தறா, "போகமாட்டேன்னு நின்ன மனுஷனை இந்தம்மாதான் வாசல்ல நின்னு வெரட்டுச்சு, எங்க ஆளு வந்து சொல்லிட்டுத்தான் தோணி எடுத்தாரு"ன்னு. அவ்வளவுதான். மாமியார் எழுந்து வந்து என் தலைமயிரைக் கொத்தாப் புடிச்சாங்க. "நீயாடி? என் மகனை நீயாடி தள்ளிவிட்டே? வந்த வருஷமே முழுங்கிட்டியே! வயித்துல இருக்கறதையும் எடுத்துக்கிட்டு வெளியே போடி"ன்னு தரதரன்னு இழுத்துக்கிட்டு வாசலுக்கு வர்றாங்க. யாரும் தடுக்கலை. ஏன் தடுப்பாங்க? புருஷன் செத்த பொண்ணுக்கு அப்ப என்ன மரியாதை? எங்க அப்பா வீட்டுலயும் என்னைச் சேத்திருக்க மாட்டாங்க. வாசல்ல வெள்ளம் முழங்கால் ஆழம் ஓடுது.

அப்ப வந்தா திலகா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தந்திக் கம்பமெல்லாம் சாஞ்சு கெடக்கு, சேதி எப்படிப் போகும்? லீவு கேட்டுக்கிட்டு, சைக்கிள்ல பாதி வழி, நடந்து பாதி வழி. காக்கிப் புடவை இடுப்பு வரைக்கும் சேறு. தெருமுனையிலேர்ந்தே, "அண்ணி, வீடு தப்பிச்சுதா?"ன்னு கேட்டுக்கிட்டே வர்றா. சிரிச்ச முகத்தோட வந்தாம்மா. அந்த முகத்தை நான் மறக்கலை.

உள்ள எட்டிப் பாத்தா. அம்மா என்ன சொல்லிக் கத்தறாங்கன்னு கேட்டுக்கிட்டே நின்னா. அப்புறம் வந்து மாமியார் கையை ஒவ்வொரு விரலாப் பிரிச்சு என் மயிரை விடுவிச்சா. என்னைத் தனக்குப் பின்னாடி தள்ளினா. சொன்னா, "அம்மா, அண்ணியை விடு. புயல் வருதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் படத்துல குறிச்சேன். வீட்டுக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லலை. அண்ணி வீட்டுக்குள்ள இருந்தவங்க, அவங்களுக்கு என்ன தெரியும்? அடிக்கணும்னா என்னை அடி"ன்னா.

அத்தனை பேர் முன்னாடி சொன்னா. ஏட்டு இருக்கார், பஞ்சாயத்து இருக்கு. மாமியார் அவளைப் பாத்த பார்வையை நான் எப்படிச் சொல்றது? அடிக்கலை. "நீ எனக்குப் பொண்ணு இல்ல"ன்னு மட்டும் சொன்னாங்க. சொல்லிட்டு என் கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய், மகன் தலைமாட்டுல உக்கார வெச்சாங்க. அதுலேர்ந்து சாகற வரைக்கும் அவங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசலை. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு! கடைசியில தண்ணி என் கையாலதான் வாங்கிக் குடிச்சாங்க. இவ கதவுக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தா. எனக்கு மனசுக்கு ஒரு ஆறுதல்ம்மா. உண்மை தெரிஞ்சப்புறம் என்னை நல்லாத்தான் வெச்சுக்கிட்டாங்க மாமியார். மகன் இல்லாத வீட்டுல மருமகளை யார் வெச்சுக்குவாங்க?

அன்னிக்கு வாயை விட்டதுக்கு இவளுக்கும் கிடைச்சுது. ஏட்டு மேல எழுதிப் போட்டுட்டார். படை ரகசியம் தெரியும்னு ஊர்க் கூட்டத்துல சொன்னவ ஆச்சே. பதினாறாம் நாள் காரியம் முடியலை, லாரி வந்து அவளைக் கூட்டிட்டுப் போச்சு. ஒரு வெள்ளைக்கார அம்மா உக்காந்து விசாரிச்சாங்களாம். "வேற யார் யாருகிட்ட சொன்னே?"ன்னு கேட்டாங்களாம். "யாருகிட்டேயும் சொல்லலை"ன்னாளாம். பட்டையைக் கழட்டி வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க. பட்டாளத்துலேர்ந்து துரத்தின பொண்ணுன்னு ஊர்ல பேரு. எதுக்குத் துரத்தினாங்கன்னு ஊர் தானா ஒரு கதை கட்டிக்கிச்சு. பொண்ணு, பட்டாளம், துரத்திட்டாங்கன்னா வேற என்ன கதை கட்டுவாங்க? இவ எதையும் மறுத்துப் பேசலை. அது என்ன கர்வமோ.

கேளுங்க, இன்னும் இருக்கு. எனக்கு நெஞ்சு ஆறாத சங்கதியே இதுதான்.

ரெண்டு வருஷம் கழிச்சு, சபாநாயகம், என் மகன், ஓடியாட ஆரம்பிச்ச சமயம். மீன் விக்கறவ ஒருத்தி வந்தா, சிங்காரின்னு பேரு. வேலங்குப்பத்துக்காரி. அந்த விமான தளத்துக்குப் பக்கத்துக் குப்பம். கூடையை எறக்கி வெச்சுட்டு, "திலகாம்மா வீடு இதுதானே?"ன்னா. பெரிய வஞ்சிரமா எடுத்து வெக்கறா. வெலை வேணாங்கறா. ஏண்டின்னு கேட்டா சொல்றா.

புயலுக்கு முந்தின நாள் பொழுது சாயற நேரம். வானம் தொடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சாம், ஒரு பொட்டு மேகம் இல்லையாம். குப்பமே ராத்திரி வலைக்குக் கட்டுமரம் தள்ளிக்கிட்டு நிக்குது. அப்ப இவ காக்கிப் புடவையோட ஓட்டமும் நடையுமா வந்து, "இன்னிக்குப் போகாதீங்க"ன்னாளாம். ஏன்னு கேட்டாங்களாம். "காரணம் கேக்காதீங்க, போகாதீங்க"ன்னாளாம். சிரிச்சாங்களாம். ஒரு வயசாளி, "பாப்பா, வானத்தைப் பாரு, நாங்க எத்தனை ஐப்பசி பாத்தவங்க"ன்னாராம். இவ என்ன பண்ணினாத் தெரியுமா? முன்னாடி நின்ன கட்டுமரத்து மேல ஏறி உக்காந்துக்கிட்டா. "தள்ளுங்க. என்னையும் சேத்துத் தள்ளிட்டுப் போங்க"ன்னாளாம். பட்டாளத்துப் பொண்ணு மேல யார் கை வைப்பாங்க? பொம்பளைங்கள்லாம் வந்து கெஞ்சிப் பாத்தாங்களாம். எறங்கலையாம். அலை வந்து புடவையை நனைச்சுக்கிட்டே இருக்கு, இவ உக்காந்தே இருக்கா. "அந்தப் பொண்ணு கட்டுமரத்துக் கயித்தைக் கையில சுத்திக்கிச்சு அம்மா, எங்க மாமா அதைப் பாத்துட்டுத்தான் வலையைச் சுருட்டச் சொன்னாரு"ன்னா சிங்காரி. மறுநாள் வந்துச்சே புயல். ஒரு உசுரு போகலையாம் அந்தக் குப்பத்துல. பட்டாளத்துலேர்ந்து ஆள் வந்து கேட்டப்ப, குப்பமே கூடி, "அப்படி யாரும் வரலையே"ன்னு சொல்லிடுச்சாம்.

சொல்லிட்டு அழறா சிங்காரி. நீங்களே சொல்லுங்க. யாரோ மீன் புடிக்கறவங்களுக்குக் கடல்ல போய் உக்காரத் தெரிஞ்சவளுக்கு, கூடப் பொறந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?

அன்னிக்கே கேட்டுட்டேன். சபாவை இடுப்புல வெச்சுக்கிட்டு, "இவன் அப்பாவை விட குப்பத்துக்காரன் ஒசத்தியாடி உனக்கு?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. "காலையில திரும்ப டியூட்டி அண்ணி. குப்பம் பக்கத்துல இருந்துச்சு, அவங்க அப்பவே கெளம்பிக்கிட்டிருந்தாங்க. வீடு தூரம். அண்ணன் பயந்தவர், வானம் கறுத்தா வாசப்படி தாண்டமாட்டார்னு நினைச்சேன்"ன்னா. அண்ணன் பயந்தவர்னு அவளுக்கு மட்டுமா தெரியும்? எனக்கும்தான் தெரியும்.

அதுக்கப்புறம் என்ன. காலம் ஓடிச்சு. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல புள்ளைங்களைப் பாத்துக்கற ஆயாவாச் சேந்தா. இருந்துக்கிட்டே டீச்சர் பரீட்சை எழுதி, கணக்கு டீச்சர் ஆனா. அவ சம்பளத்துலதான் வீடு ஓடிச்சு, அதை இல்லைன்னு சொல்லமாட்டேன். சபாவைப் படிக்க வெச்சா, நெய்வேலியில வேலை வாங்கற வரைக்கும் கூடவே அலைஞ்சா. ஒரு வாத்தியார், தங்கமான மனுஷர், ஊர்ப் பேச்சையெல்லாம் தள்ளிட்டு வந்து பொண்ணு கேட்டார். வேணாம்னுட்டா. அவருக்கு வேலூர்ப்பக்கம் மாத்தலாகியிருந்துச்சு. "நான் போயிட்டா இங்க யாரு?"ன்னா. யாருன்னா என்ன அர்த்தம்? நான் இல்லையா, மாமியார் இல்லையா? சில பேருக்குக் குடும்பம் நடத்தற எண்ணமே இருக்காது. பட்டாளத்துல இருந்தா மனசு அப்படித்தான் ஆயிடும்போல.

ஆனா தப்பை ஒத்துக்கிட்டாம்மா. அதை நான் சொல்லணும். அவரை எடுத்த அன்னிக்கு ராத்திரியே நான் அவகிட்ட சொல்ல வந்தேன், "திலகா, காலையில நான்தாண்டி அவரைப் போங்கன்னு..."ன்னு. முடிக்க விடலை. என் வாயை உள்ளங்கையால மூடினா. "அந்த வார்த்தை இனிமே உங்க வாயில வரவே கூடாது அண்ணி. மனசுலயும் வரக் கூடாது. தப்பு என்னோடது. யார் கேட்டாலும் நான் செஞ்சதுன்னு சொல்லுங்க. இந்தப் புள்ளை நல்லபடியாப் பொறக்கணும்"ன்னா. அவளே சொன்னது. நான் கட்டிவிட்ட கதையில்ல. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அதனாலதான் நானும் யார் கேட்டாலும் சொல்றேன். அவ சொல்லச் சொன்னதைத்தான் சொல்றேன்.

அவ கோபக்காரி வேற. வெளியே தெரியாது. போன தைப்பொங்கலுக்கு சபா வந்திருந்தான். நான் எப்பவும்போலப் பேசிக்கிட்டிருந்தேன், "உங்க அத்தை மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா"ன்னு. அவன் சாப்பிட்டுக்கிட்டிருந்தவன் கையை உதறிட்டு, "போதும்மா. பொறந்ததுலேர்ந்து கேக்கறேன். அன்னிக்கு அப்பாவைத் தோணி ஏத்தி அனுப்பினது யாரு? தோணிக்காரர் வீட்டுல இன்னும் அதைத்தானே சொல்..."ன்னான். முடிக்கலை. இவ எழுந்து வந்து பளார்னு ஒரு அறை வெச்சா. தோளுக்கு மேல வளந்தவன், ரெண்டு புள்ளைக்குத் தகப்பன். கண்ணு பாதி தெரியாது அவளுக்கு, சொவத்தைத் தடவிக்கிட்டுத்தான் நடப்பா, ஆனா அடி கன்னத்துல சரியா விழுந்துச்சு. அவனை ஒரு நாள் தொட்டு அடிச்சவ இல்ல. நான் அடிக்க வந்தாக்கூட நடுவுல வந்து நின்னவ. "அதை இந்த வீட்டுல பேசக் கூடாது. உங்க அம்மாகிட்டப் பேசவே கூடாது"ன்னா. அவன் போய்க் கையைக் கழுவிட்டு வந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு அத்தை காலைத் தொட்டுட்டுத்தான் பஸ் ஏறினான். என்கிட்ட சொல்லிக்கலை.

பட்டாளத்துக் கோபம், வேற என்ன.

சில நாள் மத்தியானத்துல படுத்தா, தூக்கம் வர்ற மாதிரி இருக்கறப்ப, "போங்க, போயிட்டு வாங்க"ன்னு ஒரு குரல் கேக்கும்மா. வாசப்பக்கத்துலேர்ந்து. சின்ன வயசுக் குரல். எழுந்து பாத்தா யாரும் இருக்கமாட்டாங்க. திலகா மட்டும் பக்கத்துல உக்காந்து ஏதாவது பண்ணிக்கிட்டிருப்பா. "என்ன அண்ணி?"ம்பா. "ஒண்ணுமில்லடி, யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு"ம்பேன். "யாரும் கூப்பிடலை, படுங்க"ம்பா. படுத்துக்குவேன். வயசாச்சுல்ல. ஒடம்புல ரத்தம் சுண்டினா இப்படியெல்லாம் கேக்குமாம்.

உங்ககிட்ட ஏன் இதெல்லாம் சொல்றேன்னு தெரியலை. வேற யாரு இருக்கா சொல்ல? எல்லாத்தையும் திலகாகிட்டதான் சொல்லுவேன். இதை அவகிட்ட எப்படிச் சொல்றது?

யாரு, நர்சம்மா கூப்பிடறாங்களா? திலகவதி... ஆமாங்க, நான்தான், நான்தான் கூட வந்தவ. இதோ அவளே வர்றா பாருங்க, பச்சைத் துணியைக் கண்ணுக்கு மேல தொங்க விட்டுக்கிட்டு. தனியா நடந்து வர்றாளே! மெதுவாடி, படி இருக்கு. கையைக் குடு. தெரியுதா? நான் தெரியறேனா? என்னடி அப்படியே நின்னு பாக்கறே? கெழவியாயிட்டேனா? ஆயிட்டேன், உனக்கு மட்டும் என்ன வாழுதாம்.

இவங்களா? மாமனாருக்குக் கண்ணு காட்ட வந்திருக்காங்க. சும்மா பேசிக்கிட்டிருந்தோம். உன்னைப் பத்திதான். நல்லதாத்தாண்டி சொன்னேன், வேணும்னா அவங்களையே கேளு.

என்னது? அழுதேனா? நானா? இல்லையே. விடுடி, தொடைக்காதே, நாலு பேர் பாக்கறாங்க. இப்பத்தானே கண்ணைத் தெறந்து விட்டிருக்காங்க, உனக்கு என்ன சரியாவா தெரியப் போகுது. வா, வெயிலுக்கு முன்னாடி பஸ் புடிக்கணும்.